வடிந்தது எவ்வளவு? – கார் எண்ணெய் மாற்றத்திலிருந்து ஒரு கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும்

வகுப்பு: 5 முதல் 10 வரை
பாடப்பொருள்: பின்னம், விகிதம், சதவீதம், வெப்ப விரிவு, பாகுநிலை, பாஸ்கல் விதி, திருப்புத்திறன், நீர் மாசு
தேவையானவை: டம்ளர்கள், நீல மை, விளக்கெண்ணெய், ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகள், சிறு பிளாஸ்டிக் குழாய்

கிளச் மிதிக்காமல் ஓட்டும் கார்கள் காரைக்கால் பக்கமும் பெருகிவிட்டன. 'ஆட்டோமேட்டிக்' என்று நாம் சொல்லும் இந்த வண்டிகளின் கியர்பெட்டிக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடியதும் அதை மாற்ற வேண்டும். என் காரில் இந்த வேலையை வீட்டிலேயே செய்துவருகிறேன். அதைச் செய்யும்போது குறித்துவைத்த ஓர் எண்ணை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்த ஒரே எண்ணைப் பின்தொடர்ந்து நான்கு பாடவேளைகள் நடத்த முடிந்தது. அந்த அனுபவத்தை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் மீன்பிடித் தொழில், விவசாயம், கொத்து வேலை, மெக்கானிக் வேலை செய்யும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். பொறியியல் என்பது அந்தக் கழகத்தின் மதிலுக்கு உள்ளே மட்டும் இருப்பது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. தங்கள் வீட்டில் கையில் கரி படச் செய்யும் வேலையிலும் பாடநூலில் உள்ள அதே விதிகள்தாம் இயங்குகின்றன என்பதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் என்ன செய்கிறது?

எஞ்சினில் ஊற்றும் எண்ணெய்க்கு முதன்மையான வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெய்க்கு வேலை அதிகம். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தை நோக்கிக் கடத்துவது, உள்ளே இருக்கும் கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது ஆகிய எல்லாவற்றையும் அதுவே செய்கிறது.

சுழற்சியைக் கடத்தும் முறையைப் புரியவைக்க இரண்டு மேசை மின்விசிறிகள் போதும். எதிரெதிராக வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு, மின்சாரம் இல்லாத மற்றதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயும், விசிறி இதழ்களுக்குப் பதில் மூடிய உறைக்குள் உலோக இதழ்களும் இருப்பதாகக் கற்பனை செய்தால் அதுவே 'டார்க் கன்வெர்ட்டர்'. இந்தத் தத்துவத்தை ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கார் அல்ல, கப்பல். மிக வேகமாகச் சுற்றும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க அவர் வழி தேடினார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். 1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற பெயரில் பெரும் எண்ணிக்கையில் விற்பனையான முதல் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கான எண்ணெயின் தரக்குறியீடு 1949-இல் வந்தது. எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறியவும், ஒழுகினால் எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவும் அதற்குச் சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

பெயர் ஒன்று, உள்ளே நான்கு

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது வகைப்படுத்தல். இந்தியச் சாலைகளில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வகைகள் ஓடுகின்றன. முதலாவது மேலே சொன்ன டார்க் கன்வெர்ட்டர் வகை. இரண்டாவது, பட்டை ஒன்று இரு உருளைகளுக்கு இடையே ஓடும் சி.வி.டி. மூன்றாவது, இரண்டு கிளச்சுகள் உள்ள டி.சி.டி. நான்காவது ஏ.எம்.டி.; 2014-இல் மாருதி செலெரியோ காரோடு இந்தியாவுக்கு அறிமுகமான இது, வழக்கமான கியர்பெட்டியையே இயந்திரக் கை கொண்டு இயக்குவது. நான்குக்கும் எண்ணெய் வேறு வேறு. ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால் கிளச் வழுக்கும், பட்டை தேயும்; முடிவில் கியர்பெட்டியையே மாற்ற வேண்டிவரலாம். அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கக் கூடியது.

ஆகவே கடைக்காரர் சொல்வதையோ நண்பர் சொல்வதையோ நம்பி வாங்காமல், வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிட்டுள்ள தரக்குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். இதுவே ஒரு வாசிப்புப் பயிற்சி. கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த வெப்பநிலையில் அளவு பார்ப்பது என்ற மூன்று விடைகளைத் தேடச் சொல்லலாம்.

என் வண்டி டார்க் கன்வெர்ட்டர் வகை. அளவு பார்க்க டிப்ஸ்டிக்கும் கீழே ட்ரெயின் போல்ட்டும் உள்ள பழைய அமைப்பு. இவ்விரண்டும் இருந்தால் வீட்டில் மாற்றுவது இயலும். டிப்ஸ்டிக் இல்லாமல் மூடி முத்திரையிட்டது போன்ற புதிய வண்டிகளில், கருவி வைத்து எண்ணெயின் வெப்பநிலையைப் படித்துக்கொண்டே அளவு சரிபார்க்க வேண்டும். அவற்றைப் பணிமனைக்கு விடுவதே நல்லது.

செய்முறை

இது ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய பகுதி. மாணவர்களை எந்தக் காரணத்துக்காகவும் காருக்கு அடியில் அனுப்பக் கூடாது.

1. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் கை வைக்கக் கூடாது.
2. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கார் அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. எங்கள் ஊர் மணல் தரை என்பதால் சிமெண்டுத் தளத்தில் மட்டுமே இதைச் செய்கிறேன். மணலில் ஸ்டாண்டு புதைந்து சாயும்.
3. வடிக்கும் முன், ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி நகராது.
4. அகலமான பாத்திரத்தை வைத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். முனையில் காந்தம் உள்ள போல்ட்டாக இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். உலோகத் துணுக்குகள் இருந்தால் உள்ளே பழுது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எண்ணெயில் கருகல் வாடை வீசினாலும் அப்படியே.
5. புதிய வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் போல்ட்டை முடுக்க வேண்டும்.
6. வடிந்த எண்ணெயை ஆறவிட்டு அளந்து, அதே அளவு புதியதை அளந்து ஊற்ற வேண்டும்.
7. வண்டியைத் தரையில் இறக்கி, பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் நிறுத்தி, பிறகு டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளவு பார்ப்பார்கள். சிலவற்றில் நிறுத்திய பின். கையேடு சொல்வதே முடிவு.

என் வண்டியில் மொத்த எண்ணெய் 6 லிட்டர். வடிந்து வந்தது 2.4 லிட்டர். வகுப்புக்குக் கொண்டுபோன எண் இதுதான்.

செயல்பாடு 1: இரண்டு டம்ளர் கணக்கு

'6 லிட்டரில் 2.4 லிட்டர்தான் வடிந்தது. மீதி எங்கே?' என்று 8-ஆம் வகுப்பில் கேட்டேன். 'ஒழுகிப் போயிருக்கும்' என்றான் ஒருவன். 'உள்ளேயே தங்கியிருக்கும், டீச்சர். எங்க சித்தப்பா போட் எஞ்சினுக்கு ஆயில் மாத்துறப்ப சூடா இருக்கும்போதே இறக்கிடுவாங்க. ஆறிப்போனா அடியில தங்கிடும்னு சொல்வாங்க' என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதில் பாதி விடை இருந்தது. மீதிப் பாதி: டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நிற்கும் எண்ணெய், அடியில் உள்ள துளை வழியே வராது.

அப்படியானால் புதிதாக 2.4 லிட்டர் ஊற்றிய பிறகு உள்ளே பழையது எவ்வளவு? இதை டம்ளர்களால் காட்டலாம். ஒரு வாளியில் ஐந்து டம்ளர் நீல மைத்தண்ணீர். இரண்டு டம்ளரை எடுத்துவிட்டு இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். 6-இல் 2.4 என்பதும் 5-இல் 2 என்பதும் ஒரே விகிதம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். மீண்டும் இரண்டு எடுத்து இரண்டு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வரிசையாக வைத்தால், நீலம் வெளுத்து வருவது தெரியும்.

5-ஆம் வகுப்புக்கு: முதல் முறைக்குப் பின் மை ஐந்தில் மூன்று பங்கு.
8-ஆம் வகுப்புக்கு: முதல் முறைக்குப் பின் 60 சதவீதம், இரண்டாம் முறை 36, மூன்றாம் முறை 21.6, நான்காம் முறை 12.96.
10-ஆம் வகுப்புக்கு: இது பெருக்குத் தொடர்வரிசை, பொது விகிதம் 3/5.

'எத்தனை முறை செய்தால் நீலம் முழுவதும் போகும்?' என்று கேளுங்கள். கணக்குப்படி ஒருபோதும் சுழியம் ஆகாது என்பதை அவர்கள் தாமே வந்தடைவார்கள். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: 'பிறகு எங்கே நிறுத்துவது?' மூன்று முறைக்கு 7.2 லிட்டர் புதிய எண்ணெய் செலவாகிறது, 78.4 சதவீதம் புதியதாகிறது. நான்காம் முறைக்கு இன்னும் 2.4 லிட்டர் வாங்கினால் கிடைக்கும் கூடுதல் பயன் 8.64 சதவீதப் புள்ளிகள். வாங்கும் செலவுக்கு இது தகுமா? ஒரு லிட்டர் விலையைக் கடையில் கேட்டுவந்து அவர்களே முடிவு செய்யட்டும்.

'எண்ணெய் மாற்றியாயிற்று' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள், ஒரு முறை செய்தால், 'ஐந்தில் இரண்டு பங்கு மாற்றியாயிற்று' என்பதே. ஒவ்வொரு முறைக்கும் இடையே வண்டியை ஓட்டிக் கலக்கவிடாமல், ஊற்றியவுடன் மீண்டும் வடித்தால், புதிதாக ஊற்றியதே பெரும்பாலும் வெளியே வரும். வாளியைக் கலக்காமல் மொண்டு காட்டினால் இதுவும் புரியும்.

செயல்பாடு 2: சூடும் அளவும்

இத்தகைய எண்ணெய் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் தன் கன அளவில் ஏறத்தாழ 0.0007 பங்கு விரிகிறது. 30 டிகிரியில் 6 லிட்டர் உள்ள எண்ணெய் 80 டிகிரிக்குச் சூடானால் 6 × 0.0007 × 50 = 0.21 லிட்டர் கூடும். டிப்ஸ்டிக்கில் சூட்டுக்கு ஒரு கோடும் குளிருக்கு ஒரு கோடும் இருப்பது இதனால்தான். வடிந்த 2.4 லிட்டரைச் சூடாகவே அளந்திருந்தால் சுமார் 80 மில்லி கூடுதலாகக் காட்டியிருக்கும். அளவைப் பாடத்தில் 'எந்த வெப்பநிலையில் அளந்தாய்?' என்ற கேள்வியையும் சேர்க்க இது நல்ல இடம்.

பாகுநிலைக்கு விளக்கெண்ணெய் போதும். இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒன்றை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, இரண்டிலும் ஒரே அளவான சிறு மணியைப் போட்டு அடியைத் தொடும் நேரத்தை எண்ணச் சொல்லுங்கள். சூடான எண்ணெயில் மணி விரைவாக இறங்கும். அந்த மாணவியின் சித்தப்பா 'சூடா இருக்கும்போதே' இறக்குவதற்கான காரணம் இங்கே வகுப்பின் கண்முன் நிற்கிறது.

செயல்பாடு 3: குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

இரண்டு சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பிக் குழாயால் இணையுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்ற பாஸ்கல் விதி இது. கியர்பெட்டிக்குள் கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும் இதே விதிதான். இப்போது குழாய்க்குள் சிறிது காற்றுக் குமிழியை விட்டு அழுத்துங்கள். கை மெத்தென்று போகும், மறுமுனை தயங்கும். காற்று சுருங்கிவிடுகிறது.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அளவுக்கு மிஞ்சினால், சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையிலும் இருப்பது காற்றே. இரண்டிலும் அழுத்தம் விழுந்து கிளச் வழுக்கும், சூடேறும். 'கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே' என்பது சோற்றுக்குச் சரி, இங்கே சரியல்ல.

போல்ட்டை முடுக்குவதிலும் இதே போன்ற அளவு உண்டு. கையேடு 40 நியூட்டன் மீட்டர் சொல்வதாகக் கொள்வோம். ஸ்பேனரின் கை நீளம் 25 செ.மீ. என்றால் தேவையான விசை 160 நியூட்டன். ஏறத்தாழ 16 கிலோ எடைக்குச் சமம். அரை மீட்டர் நீளக் கம்பியைப் பிடித்தால் 80 நியூட்டன் போதும். நீளக் கம்பியில் முழுப் பலத்தையும் காட்டினால் மரை பிய்ந்துபோவது ஏன் என்பது திருப்புத்திறன் பாடத்தில் ஒரு வரிக் கணக்கு.

செயல்பாடு 4: வடிந்தது எங்கே போகிறது?

அந்த 2.4 லிட்டர் இன்னும் பாத்திரத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வியில்தான் எங்கள் வகுப்பு அதிக நேரம் நின்றது. பழைய எண்ணெயை வேலிக் கம்புக்குக் கரையான் தடுக்க ஊற்றுவதையும், சென்ட்ரிங் பலகையில் தடவுவதையும், பட்டறை ஓரத்து மண்ணில் கொட்டுவதையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கடற்கரை மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மேலே ஊற்றியது கீழே நிலத்தடி நீரைத் தேடிப் போகும்.

குளத்தில் விழுந்தால்? நீரின் மேல் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். 1 லிட்டர் என்பது 0.001 கன மீட்டர். அதை 0.000001 மீட்டரால் வகுத்தால் 1,000 சதுர மீட்டர். எனவே 2.4 லிட்டர் 2,400 சதுர மீட்டரை மூடும். ஒரு கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 130 சதுர மீட்டர். ஒரு கார், ஒரு முறை வடித்த எண்ணெய் 18 கபடி ஆடுகளங்கள் அளவுள்ள நீர்ப்பரப்பை மூடிவிடும். மூன்று முறை வடித்த 7.2 லிட்டர் 7,200 சதுர மீட்டரை, ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கரை மூடும். கணக்கை முடித்ததும் வகுப்பில் பேச்சு அடங்கிவிட்டது. 'அப்ப எங்க கொட்டுறது, டீச்சர்?' என்ற கேள்வி பிறகே வந்தது.

கொட்டக் கூடாது என்பதே விடை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவுகளில் சேர்க்கின்றன. அதைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். புதிய எண்ணெய் வந்த அதே கேன்களில் பழையதை நிரப்பி, மூடி, 'பழைய எண்ணெய்' என்று எழுதி ஒட்டி, கழிவு எண்ணெயைச் சேகரித்து உரிமம் பெற்றவர்களிடம் அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர், பெட்ரோல், தின்னர் எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் சுத்திகரிப்பு கடினமாகும். ஊற்றியது 2.4 என்றால் ஒப்படைப்பதும் 2.4 ஆக இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்த அளவு எங்கோ சிந்தியிருக்கிறது.

சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் ஒரு சேர்மானமாக இருந்தது. கிளச்சுகள் அதிராமல் பிடிக்க அது உதவியது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கா தடை கொண்டுவந்தது. வேதியியலாளர்கள் மாற்றுச் சேர்மானங்களை உருவாக்க வேண்டியதாயிற்று. கார்களும் தொடர்ந்து ஓடின. ஒரு சட்டம் தொழில்நுட்பத்தை நல்ல திசையில் திருப்பிய கதையாக இதை வகுப்பில் சொல்லலாம்.

மதிப்பீடு

1. ஒரு வண்டியில் மொத்தம் 8 லிட்டர் எண்ணெய். ஒரு முறை வடிவது 4 லிட்டர். மூன்று முறை மாற்றிய பின் பழையது எத்தனை சதவீதம்?
2. 3 லிட்டர் வடித்து 3.5 லிட்டர் ஊற்றினால் என்ன நேரும்? காரணம் கூறு.
3. உன் வீட்டில் அல்லது தெருவில் எண்ணெய் பயன்படும் ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடு: போட் எஞ்சின், டிராக்டர், பைக், தையல் இயந்திரம். அதில் எண்ணெய் எப்போது, எவ்வளவு, எந்த வகை மாற்றப்படுகிறது? வேலை செய்பவரிடம் கேட்டு எழுது. பழைய எண்ணெய் எங்கே போகிறது என்றும் கேள்.

மூன்றாம் வினாவுக்கு வந்த விடைத்தாள்களை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கணக்கில் பின்தங்கியவர்கள் என்று நாம் குறித்துவைத்த சிலர் அதில் லிட்டரும் மில்லியும் பிழையின்றி எழுதியிருந்தார்கள். கேட்டுவந்தது தம் அப்பாவிடம், மாமாவிடம், அண்ணனிடம் என்பதால் அந்த எண்கள் அவர்களுக்கு நினைவில் நின்றன. உங்கள் ஊரில் கார் இல்லாவிட்டாலும் டீசல் பம்பு இருக்கும், மாவரைக்கும் இயந்திரம் இருக்கும். அதிலிருந்து வடிந்தது எவ்வளவு என்ற கேள்வியோடு பாடத்தைத் தொடங்கலாம்.